உடம்பைக் கேட்டு மாத்திரை போடாதே

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நாற்பது வயதிலேயே பிரஷர் மாத்திரையா என்று நீ நொந்துகொண்டதாக அக்கா போனில் சொன்னாள். அது கூடப் பரவாயில்லை. "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறாயாமே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் முப்பது வருஷம் நின்றவன் நான். "தலைவலி இல்லை சார், அதான் நிறுத்திட்டேன்" என்ற பேச்சைக் கேட்காத நாளில்லை. பிரஷர் பெரும்பாலும் வலிக்காது. ஏறினாலும் தெரியாது, இறங்கினாலும் தெரியாது. மாத்திரை வேலை செய்கிறதா என்பதை பிரஷர் மிஷின்தான் சொல்லும், உடம்பு சொல்லாது.

உன் சீட்டில் இருப்பது அம்லோடிபின் 5 மில்லிகிராம். இரத்தக் குழாயின் இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து. முழுப்பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேலாகும். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது முக்கியமில்லை, தினமும் ஒரே நேரம் என்பதுதான் முக்கியம். மறந்துவிட்டால், நினைவு வந்ததும் போடு. மறுநாள் வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடு. இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது. அட்டையின் பின்புறம் பேனாவால் கிழமையை எழுதி வை, "இன்னைக்குப் போட்டேனா?" என்ற சந்தேகமே வராது.

சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது வார் தடம் காலில் குழியாக நிற்கிறதா என்று பார். இந்த மாத்திரையால் கணுக்கால் வீங்குவதுண்டு. வீங்கினால் டாக்டரிடம் சொல், மருந்தை மாற்றித் தருவார். நீயாக நிறுத்தாதே. அடுத்த வீட்டுக்காரர் மாத்திரையையும் வாங்கிப் போடாதே. அவர் போடுவது அட்டெனலாலாக இருக்கலாம். அதைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியே வரலாம்.

ஊருக்கெல்லாம் சொன்ன நான் சறுக்கியதையும் கேள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் பத்து நாள் விழுங்கினேன். 130-இல் இருந்த பிரஷர் 160-க்குப் போய் நின்றது. இந்த வகை வலி மாத்திரை பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். கடையில் எது வாங்கினாலும் "எனக்கு பிரஷர் இருக்கு" என்று முதலில் சொல்லிவிடு.

வீட்டில் பிரஷர் பார்ப்பதென்றால், காபி குடித்து அரைமணி கழியட்டும். முதுகைச் சாய்த்து ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார். எண்ணைக் காலண்டரில் குறித்து வைத்து, டாக்டரிடம் காட்டு. உப்பு, எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு டீஸ்பூனைத் தாண்டக் கூடாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாமே அந்தக் கணக்கில்தான் வரும்.

நெஞ்சை அழுத்தினாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ மாத்திரையைத் தேடிக்கொண்டிருக்காதே, 108-ஐக் கூப்பிடச் சொல்.

இன்று ராத்திரி மாத்திரையைப் போட்டுவிட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை சொல். அவள் நிம்மதியாகத் தூங்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா