எண்ணெய் விலையும் எதிர்காலச் சித்திரங்களும்

இந்தியாவின் ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவு, 1972-73ஆம் ஆண்டு விலைகளை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்டது. திட்டம் தொடங்குமுன்னரே அந்த அடிப்படை தகர்ந்தது. 1973 அக்டோபரில் பீப்பாய்க்குச் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய் விலை, 1974 ஜனவரியில் 12 டாலரை நெருங்கியது. திட்டத்தின் இறுதி வடிவம் 1976 செப்டம்பரில்தான் ஒப்புதல் பெற்றது.

இவ்வதிர்ச்சிக்கு இடமிருப்பதை முன்னரே எண்ணிப்பார்த்த நிறுவனமும் ஒன்று உண்டு. ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் திட்டப் பிரிவைச் சேர்ந்த பியர் வாக் என்னும் பிரெஞ்சுக்காரர், 1972இல் இயக்குநர்கள் முன் ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்காலச் சித்திரங்களை வைத்தார். அவர் எண்ணெயை விற்கும் நாடுகளின் நிலையில் நின்று சிந்தித்தார். எண்ணெய் வளம் மிகுந்து, மக்கள்தொகை குறைந்த நாடுகள், செலவிட வழியில்லாத பணத்துக்காக மேன்மேலும் எண்ணெய் எடுப்பானேன்? பூமிக்கடியில் கிடந்தால் அதன் மதிப்பு உயருமல்லவா? இவ்வாறு நோக்கியபோது, பழைய விலை நீடிக்கவேண்டுமாயின் பல அற்புதங்கள் ஒருசேர நிகழவேண்டும் என்பது புலனாயிற்று.

முறையை விளக்க வாக் கையாண்ட உவமை கங்கையைப் பற்றியது. அதன் மேற்பகுதியில் பெருமழை பெய்தால், வெள்ளம் ரிஷிகேசத்தையும், சில நாட்களில் பிரயாகையையும், பின்னர் காசியையும் அடையும். இது சோதிடமன்று, பெய்துவிட்ட மழையின் விளைவு. சித்திரம் வரைபவரின் முதற்பணி, பெய்துவிட்ட மழையையும் இனிப் பெய்யக்கூடிய மழையையும் பிரித்தறிவதாகும். முன்னது எல்லாச் சித்திரங்களிலும் இடம்பெறும்; பின்னதே அவற்றை வேறுபடுத்தும். 'அதிகம், நடுத்தரம், குறைவு' என மூன்று வளர்ச்சி விகிதங்களை எழுதிவைப்பது (அலுவலகங்களில் பழகிப்போன வழக்கம் இது) சித்திரமாகாது. படிப்பவர் நடுவிலுள்ளதை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுவார்.

நாஃப்தாவை மூலப்பொருளாகக் கொண்ட யூரியா ஆலை ஒன்றை இம்முறையில் சோதித்துப் பார்க்கலாம். எண்ணெய் மலிவாக நீடிக்கும் சூழலில் அது இலாபம் தரும். விலை ஏறும் சூழலில் மானியமின்றி நிலைக்காது. எரிவாயு தாராளமாகக் கிடைக்கும் சூழலிலோ, அதற்கு மாறும் வசதியுள்ள ஆலையே பிழைக்கும். 1971இல் உற்பத்தி தொடங்கிய சென்னை மணலி உர ஆலை, 2019இல்தான் நாஃப்தாவிலிருந்து எரிவாயுவுக்கு மாறியது. புதிய ஆலைக்கு ஒப்புதல் கோரும் கோப்பில், மாற்று மூலப்பொருளுக்கான வசதியை இன்றே அமைக்க ஆகும் மூலதனம் எவ்வளவு, இடம் மட்டும் விட்டுவைக்க ஆகும் செலவு எவ்வளவு என்னும் இரு கணக்குகளும் ஒவ்வொரு சித்திரத்தின் கீழும் தனித்தனியே இடம்பெற வேண்டும்.