பட்டம் பெற்ற பிள்ளைக்கு முதல் பாடம்



விழுப்புரம், திண்டிவனம் அரசு கலைக் கல்லூரிகளில் நம் கடைப் பிள்ளைகள் பலர் படித்துப் பட்டம் பெறுகிறார்கள். அடுத்து என்ன? கல்லாவில் உட்கார வைத்தால் போதும் என்று நினைக்கிறோம். நாமும் அப்படித்தான் செய்தோம். கொள்முதல் விலையையும் பற்று நோட்டையும் காட்டவில்லை. இரண்டே ஆண்டில் மகன் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டான். தவறு நம்முடையதே.

ஆகவே, மகனோ மகளோ, முதல் மாதமே இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள்.

முதலீடு ரூ.1,00,000. கொள்முதல் மேல் லாபம் 5 சதவீதம். மாதம் ஒருமுறை சரக்கு விற்றுப் பணம் திரும்பினால் ஆண்டுக்கு ரூ.60,000 கிடைக்கும். கடன் நிலுவையால் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் திரும்பினால் ரூ.20,000 மட்டுமே. வாடகையும் கூலியும் இதில்தான் போக வேண்டும். கடன் கொடுப்பதில் நிதானம் ஏன் என்பது அப்போது புரியும்.

2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள ஜி.எஸ்.டி. கணக்கையும் அவர்களிடமே ஒப்படையுங்கள். ஓராண்டுக்கு ஒரு சரக்கை மட்டும் தனிக் கணக்கில் கொடுத்து, லாப நட்டத்தை அவர்களே பார்க்கட்டும்.

அதன் பிறகும் வேலைக்குத்தான் போவேன் என்றால் வாழ்த்தி அனுப்புவோம். கணக்கு தெரிந்து போகிறவர் எங்கும் பிழைத்துக்கொள்வார்.