வீட்டு விஷயம் கம்பெனி கேட்டுக்குள் வரும்போது

காலை ஐந்தேகால். காரிமங்கலத்தில் கம்பெனி பஸ் நிற்கிறது. தினமும் முதல் ஆளாக ஏறும் பெண் இன்று கடைசியில் ஓடிவந்து ஏறுகிறார். ஷாலைக் கழுத்தோடு சுற்றிப் பின் குத்தியிருக்கிறார். லைனில் உட்கார்ந்ததும் இடது கை மட்டும் பின்தங்குகிறது.

"கையில என்னம்மா?"

"மாட்டுக் கொட்டாயில வழுக்கி விழுந்துட்டேன் சார்."

இந்த மாதத்தில் இது இரண்டாவது தடவை. அடுத்து சூப்பர்வைசர் வாயிலிருந்து வரும் வார்த்தைதான் முக்கியம். "குடும்பம்னா அப்படித்தான், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றால் அந்தப் பெண் இனி யாரிடமும் வாய் திறக்கமாட்டார். "உற்பத்தி குறையுது, மெமோ வரும்" என்றால் வீட்டில் ஒரு பயம், வேலையில் ஒரு பயம். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "எப்ப பேசணும்னு தோணுதோ வாங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க சொல்லாம இது யாருக்கும் போகாது."

பாலக்கோடு, பென்னாகரம் பக்கமிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி ஆலைகளுக்கு விடியுமுன் கிளம்பும் பெண்களுக்கு, கணவன் கண்ணில் படாத எட்டு மணி நேரம் கிடைப்பது வேலையிடத்தில்தான். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரையுள்ள திருமணமான பெண்களில் ஏறத்தாழ 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். உங்கள் லைனில் எத்தனை பேர் இருக்கக்கூடும் என்று நீங்களே கணக்குப் போடலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிக்கு மட்டுமானதும் அல்ல. அப்பாவிடம் அடிபடும் மகளும், மகனிடம் அடிபடும் தாயும் அதன் பாதுகாப்பில் வருகிறார்கள். சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும், வேலைக்குப் போகக்கூடாது என்று தடுப்பதும் அந்தச் சட்டப்படி வன்முறைதான்.

முதலில், செய்யக்கூடாத ஒன்று. கணவனைக் கூப்பிட்டுப் பேசிச் சமாதானம் செய்யாதீர்கள். நல்ல மனசோடுதான் பல மேனேஜர்கள் இதைச் செய்கிறார்கள். அன்று ராத்திரி அடி இரட்டிப்பாகும், "கம்பெனில போய் மானத்த வாங்கினியா" என்று. உள்ளகப் புகார் குழுவிடமும் இதைத் தள்ளிவிடாதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் 2013 சட்டப்படி இருக்கும் அந்தக் குழு, பணியிடப் பாலியல் துன்புறுத்தலை விசாரிப்பதற்கானது. வீட்டு வன்முறையில் விசாரணை உங்கள் வேலை அல்ல. வழிகாட்டுவதும் பாதுகாப்பதும்தான் உங்கள் வேலை.

வழிகாட்டுவது எப்படி? ஆபீஸ் லேண்ட்லைனைக் கொடுங்கள். அந்தப் பெண் தன் செல்போனில் 181-ஐ அழைத்தால் அந்த எண் கால் லிஸ்டில் நிற்கும், கணவன் அதைத்தான் முதலில் பார்ப்பான். 181 பெண்கள் உதவி எண். உடனடி ஆபத்து என்றால் 112. கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட சமூகநல அலுவலகத்தை விசாரித்தால் பாதுகாப்பு அலுவலரிடமும், 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்திடமும் அனுப்புவார்கள். மருத்துவம், போலீஸ், சட்ட உதவி, சில நாள் தங்கும் இடம் எல்லாம் மையத்தின் பொறுப்பு. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, எண் 15100. பெண் என்பதே தகுதி, வருமான வரம்பு கிடையாது. இ.எஸ்.ஐ. இருந்தால், காயம் வீட்டில் பட்டது என்பதற்காக வைத்தியத்தை மறுக்க முடியாது.

பாதுகாப்பு அலுவலருக்கு யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்தவர்மீது வழக்கு வராது என்று சட்டமே சொல்கிறது. ஆனாலும் அந்தப் பெண்ணைக் கேட்காமல் செய்ய வேண்டாம். எப்போது வீட்டைவிட்டு வெளியேறுவது பத்திரம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அடுத்தது கேட். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி, அடிக்கும் ஆள் அந்தப் பெண்ணின் வேலையிடத்துக்குள் வரக்கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். இந்த வசதி பல ஹெச்.ஆர். அதிகாரிகளுக்கே தெரியாது. உத்தரவின் நகல் ஒன்றும், அந்தப் பெண் சம்மதித்தால் அந்த ஆளின் போட்டோவும் செக்யூரிட்டியிடம் இருக்கட்டும். "அவ எந்த ஷிப்ட்?" என்று போனில் கேட்டால் "சொல்ல முடியாதுங்க" என்பது எல்லாப் பெண்களுக்கும் பொது விதியாக இருந்தால், யாருக்கும் சந்தேகம் வராது. பஸ் ஏறும் ஸ்டாப்பை மாற்றிக் கொடுங்கள். ஷிப்டையும் மாற்றுங்கள்.

லீவு விஷயத்தில் நம் சட்டம் பின்தங்கியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2023 முதல் குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கென்றே ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளத்தோடு விடுப்பு. அங்கே சம்பளச் சீட்டில் அந்த விடுப்பின் பெயரைக்கூடப் போடக்கூடாது, சீட்டு வீட்டில் யார் கையில் சிக்கும் என்று யோசித்திருக்கிறார்கள். 2019-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 190-ஆவது உடன்படிக்கையும் வீட்டு வன்முறையின் பாதிப்பை வேலையிடம் குறைக்க வேண்டும் என்கிறது. நம் ஊரில் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கோர்ட்டு வாய்தாவுக்குப் பர்மிஷன், லாஸ் ஆஃப் பே இல்லாமல். ரெஜிஸ்டரில் "சொந்த வேலை" என்று எழுதினால் போதும்.

அடிக்கும் ஆணும் யாரோ ஒரு முதலாளியிடம்தான் வேலை செய்கிறான். அவன் ஜீவனாம்சம் கட்டத் தவறினால், அவன் சம்பளத்தில் ஒரு பகுதியை நேராக மனைவிக்குக் கொடுக்கும்படி மாஜிஸ்திரேட் முதலாளிக்கு உத்தரவிடலாம். அந்த உத்தரவு உங்கள் மேசைக்கு வந்தால் கிடப்பில் போடாதீர்கள்.

கடைசியாகச் சம்பளம். 1989-இல், கிருஷ்ணகிரி பிரியாத பழைய தருமபுரி மாவட்டத்தில்தான் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தமிழ்நாடு முழுக்கப் பரவியது அங்கிருந்துதான். பெண் பெயரில் சேமிப்பு என்பதைக் கற்றுக்கொடுத்த அதே மண்ணில் இன்று கணக்கு அவள் பெயரில் இருக்கிறது, ஏ.டி.எம். கார்டு அவன் சட்டைப்பையில் இருக்கிறது. கேளுங்கள்: "கார்டு யார்கிட்ட இருக்கு?" பதில் தயங்கி வந்தால், புதுக் கணக்குத் தொடங்கக் கடிதம் கொடுங்கள், பேங்க் போய்வர ஒரு மணி நேரம் விடுங்கள். குறுஞ்செய்தி போகும் செல்போன் எண்ணையும் மாற்றச் சொல்லுங்கள். ஏழாம் தேதிச் சம்பளத்துக்கு முன்னால் இது முடிய வேண்டும். புதுப் பாஸ்புக்கை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பார். அதற்குச் சாவியோடு ஒரு லாக்கர் கொடுங்கள்.