சோளகக் காற்றும் ஹெல்மெற் இன்டர்கொமும்

மே பிறந்தால் மன்னார்த் தீவில் காற்றுக்கு ஓய்வில்லை. 2020 டிசம்பரில் திறந்துவைத்த தம்பபவனி காற்றாலையின் 30 விசையாழிகளும் தென்கரையில் வரிசைகட்டி நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். செப்டெம்பர் வரை ஓயாத இந்தச் சோளகம், மோட்டார் சைக்கிளில் போகிறவரின் ஹெல்மெற்றுக்குள்ளும் புகுந்து இரையும். பாட்டுக் கேட்கவும் போன் கதைக்கவும் இன்டர்கொம் தேடுகிற மன்னார்க்காரர் கடையில் முதலில் கேட்பது "சவுண்ட் எப்படி?" என்பதைத்தான். இந்தக் கரையில் முதலில் கேட்கவேண்டியது, காற்றுக்குள் அது எப்படி என்பதை.

இன்டர்கொம்களில் அநேகமானவை ஹெல்மெற்றின் இடப்பக்கத்தில் பொருத்துவதற்கென்றே செய்யப்பட்டவை. வலக்கை அக்ஸிலேற்றரை விடமுடியாது, பொத்தானை அமத்த இடக்கைதான் இருக்கிறது. இங்கே அதுவே வில்லங்கமாகிறது. பெருநிலப்பக்கத்துத் தள்ளாடியில் தொடங்கி ஏறக்குறைய 3 கிலோமீற்றர் பாலமும் தாம்போதியுமாக நகருக்கு வந்தாலும் சரி, நகரிலிருந்து பேசாலை தாண்டித் தலைமன்னாருக்குப் போனாலும் சரி, பாதை வடமேற்கே நீள்கிறது. தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் இடக்காதுப் பக்கமாகவே அடிக்கிறது. இதை எழுதுபவர் பாவித்த ஒரு தடித்த பெட்டி, பாலத்தில் ஏறியதும் சீட்டியடிக்கத் தொடங்கிவிடும். பின்னர் வாங்கிய தட்டையான ஒன்று, ஹெல்மெற்றின் ஓட்டோடு ஒட்டிக் கிடந்ததால் சத்தமில்லாமல் வந்தது. விலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கடையில் கருவியைக் கையில் எடுத்து, ஹெல்மெற்றில் வைத்து, எவ்வளவு துருத்துகிறது என்று பக்கவாட்டில் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இரைச்சலுக்கு ஒரு கணக்கும் உண்டு. ஏறத்தாழ 65 கிலோமீற்றர் வேகத்துக்கு மேலே போனால் எஞ்சின் சத்தத்தைக் காற்றின் சத்தம் முந்திவிடுகிறது. ஹெல்மெற்றுக்குள் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். 85 டெசிபல் என்றால் ஒரு நாளில் 8 மணிநேரம், அதற்கு மேலே ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையவேண்டும் என்பது அமெரிக்கத் தொழில்நலத்துறை நிறுவனமான நயோஷின் வரையறை. 94 டெசிபலுக்கு ஒரு மணிநேரந்தான் மிஞ்சும். இந்த இரைச்சலை வெல்ல வேண்டுமென்று பாட்டின் சத்தத்தைக் கூட்டுகிறவர் காதுக்கு இரண்டு பக்க அடியும் வாங்கிக் கொடுக்கிறார்.

மருந்தகத்தில் விற்கும் பஞ்சுபோன்ற காதடைப்பான், இன்டர்கொமோடு சேர்த்து வாங்கவேண்டிய சாமான். காதை அடைத்துவிட்டுப் பாட்டுக் கேட்பதா என்று சிரிப்பவர்கள் உண்டு. காற்றின் இரைச்சல் தணிந்ததும், ஸ்பீக்கரின் குரல் அடைப்பானுக்குள்ளாலும் தெளிவாக வருவதை ஒருமுறை பாலத்தில் கேட்டால் சிரிப்பு அடங்கும்.

ஹெல்மெற் இல்லாமல் இன்டர்கொமைத் தனியே தெரிவுசெய்ய முடியாது. 2015இல் முகம் முழுவதையும் மறைக்கும் தலைக்கவசங்களைத் தடைசெய்யப் பொலிஸார் முனைந்தபோது நாடு முழுவதும் எதிர்ப்புக் கிளம்பியது. விடயம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், தடை இடைநிறுத்தப்பட்டது. அந்தக் குழப்பத்தின் நிழல் இன்னும் இருக்கிறது. திறந்த முகக் கவசத்தையே விரும்புகிறவர்கள் ஏராளம். ஆனால் திறந்த கவசத்தோடு சோளகத்தில் போன் கதைப்பது மறுமுனையில் இருப்பவருக்குச் செய்கிற கொடுமை. மைக் நேரே காற்றில் நிற்கும். மூடிய கவசத்தில் தாடைப் பகுதிக்குள் ஒட்டுகிற சின்ன வயர் மைக் போதும். திறந்ததென்றால் வளையும் தண்டோடு வருகிற மைக் வேண்டும். அதன் பஞ்சுறை தொலைந்துவிட்டால் மைக் இருந்தும் இல்லாத மாதிரி. இரண்டு வகை மைக்கும் பெட்டிக்குள் இருக்கிறதா என்று காசு கொடுக்க முன்னரே பார்த்துவிடுவது நல்லது.

ஸ்பீக்கரைப் பொருத்துவதில் காட்டும் பொறுமை, விலையுயர்ந்த ஸ்பீக்கரைவிடப் பெறுமதியானது. பெரும்பாலானவை 40 மில்லிமீற்றர் அகலம். ஹெல்மெற்றின் காதுக்குழியில் நடுவாக ஒட்டிவிட்டால் சரியென்று கடைப்பையன் சொல்வான். காது அந்தக் குழியின் நடுவில் இருப்பதில்லை. பலருக்குச் சற்று முன்னோ மேலேயோ இருக்கும். ஒரு சென்ரிமீற்றர் விலகினாலே தவிலின் கனம் போய், நாதஸ்வரம் மட்டும் கிரீச்சிடும். பாட்டை ஓடவிட்டுக்கொண்டு, ஹெல்மெற்றைப் போட்டபடி ஸ்பீக்கரை மெல்ல நகர்த்தி, அடித்தொனி கனக்கிற இடத்தில் விட்டுவிட வேண்டும். காதுமடலில் அழுத்தக்கூடாது. முருங்கன் போய்ச்சேர முன்னரே வலி தொடங்கிவிடும்.

பாட்டு திடீரென்று பழைய தொலைபேசியில் கேட்பதுபோல் மெலிந்தால் ஸ்பீக்கரைக் குறைசொல்ல வேண்டியதில்லை. புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, அழைப்புக்கு வேறொரு வழி. அழைப்பு வழியில் அலைவரிசை குறுகல். வழிகாட்டும் செயலி தன் குரலை அழைப்பு வழியில் அனுப்புமாறு இருந்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் பாட்டு அறுபடும். போனின் அமைப்புக்குள் போய் அதை மாற்றிவிட்டால் தீர்ந்தது.

இனி, விற்பனையாளர் அதிகம் பேசுகிற 'மெஷ்'. சாதாரண புளூடூத்தில் வண்டிகள் சங்கிலிபோல் ஒன்றோடொன்று இணைகின்றன. நடுவில் ஒருவர் பின்தங்கினால் சங்கிலி அறும். மெஷ்ஷில் வலைபோல் எல்லாரும் எல்லாரோடும் இணைவதால், ஒருவர் விலகினாலும் மற்றவர்களின் பேச்சு தொடரும். ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோவிலுக்குக் கூட்டமாகப் போகிற இளைஞர்களுக்கு அது பயன். தனியே வேலைக்குப் போய்வருகிறவருக்கும் பின்னால் மனைவியை ஏற்றிச் செல்கிறவருக்கும் அந்தக் கூடுதல் விலை வீண். இன்டர்கொம் நிறுவனங்களான கார்டோ, சேனா இரண்டும் தத்தம் மெஷ்ஷை வைத்திருக்கின்றன. ஒன்று மற்றதோடு அந்த முறையில் பேசாது. கூட்டாளிகள் எதை வைத்திருக்கிறார்கள் என்று விசாரிக்காமல் வாங்கினால், கூட்டத்தில் போயும் தனிமைதான்.

உப்பைப் பற்றி விளம்பரங்களில் ஒரு சொல்லும் இல்லை. ஐ.பி.67 என்றால் தூசி புகாது, ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணிநேரம் தாங்கும். அந்தச் சோதனை நன்னீரில் நடப்பது. இரு பக்கமும் கடல் கிடக்கிற தாம்போதியில் ஈரக்காற்றோடு வருவது உப்பு. அது சார்ஜ் துவாரத்தின் உலோகத் தொடுமுனைகளில் பச்சை படர வைக்கும். துவாரத்தின் இறப்பர் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று நகத்தால் கிளப்பிப் பார்க்கலாம். நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, துவாரம் காய்ந்த பிறகே சார்ஜில் போடுவது வழக்கமாகிவிட்டால் கருவி நீடிக்கும்.

கையில் போனைப் பிடித்துக் கதைப்பது சட்டப்படி குற்றம் என்பதால், கை படாமல் கதைத்தால் ஆபத்தில்லை என்ற எண்ணம் பரவிக்கிடக்கிறது. யூற்றா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, சிமுலேற்றர் எனும் ஓட்டப் பாவனைக் கருவியில் கார் ஓட்டியவர்களைப் பார்த்தது. கையில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கதைக்கிறவரின் கவனம் ஒரே அளவில்தான் குலைந்தது. மன்னார் நகரத் தெருவில் கழுதைக் கூட்டம் எந்த நேரமும் குறுக்கே நிற்கலாம். 2015இல் தலைமன்னார் வரை மீண்டும் ஓடத் தொடங்கிய ரயிலின் பாதையைக் கடக்கையில் ஹோன் காதில் விழவேண்டும். "பிறகு எடுக்கிறன்" என்று வெட்டுவதோ, ஓரமாக நிறுத்திக் கதைப்பதோதான் இங்கே சரிப்பட்டுவரும்.

கடைசியாக ஒரு அமைப்பு. பல கருவிகளில், குரல் கொடுத்தாலே அழைப்பை எடுத்துவிடும் வசதி உண்டு. அது குரலை இனங்காண்பதில்லை. மைக்கில் உரத்த சத்தம் விழுந்தால் போதும். பாலத்து நடுவில் சோளகம் அடித்ததும், மேலதிகாரியின் அழைப்பைக் காற்றே எடுத்துவிடும். புதுக் கருவியைப் போனோடு இணைத்த கையோடு, செயலியைத் திறந்து அதை நிறுத்திவைத்துவிட வேண்டும்.