தூக்கம் என்னும் சொல்

'எனக்குத் தூக்கம் வருகிறது' என்று நாள்தோறும் கூறுகிறோம். தூக்கம் என்பது 'தூங்கு' என்னும் வினையடியிலிருந்து பிறந்த பெயர்ச்சொல். இன்று தூங்குதல் என்றால் உறங்குதல் என்றே பொருள் கொள்கிறோம். ஆனால், தொங்குதல், அசைதல் என்பனவே அச்சொல்லின் பழைய பொருள்கள்.

தூங்கணாங்குருவி உறங்கும் குருவி அன்று. பனை, ஈச்சை முதலிய மரங்களில் தொங்கும் கூட்டைக் கட்டும் குருவி. சங்க இலக்கியம் கூறும் 'தூங்கெயில்' வானில் தொங்கும் கோட்டை ஆகும். நம் அண்டை மொழிகளிலும் இப்பொருள் வாழ்கிறது. மலையாளத்தில் 'தூங்ஙுக' என்றால் தொங்குதல். கன்னடத்தில் 'தூகு' என்பது தொட்டிலை ஆட்டுதலையும் குறிக்கும்.

அமர்ந்தவாறே கண் சொக்குபவரைக் கவனியுங்கள். அவர் தலை தொங்கும். முன்னும் பின்னும் அசையும். இதனையே 'தூங்கி விழுதல்', 'தூங்கி வழிதல்' என்கிறோம். தலையின் அசைவைக் குறித்த சொல்லே பின்னர் உறக்கத்திற்கும் பெயராயிற்று என்பர்.

இச்சொல்லுக்குக் காலம் தாழ்த்துதல் என்னும் பொருளும் உண்டு. வினைசெயல்வகை அதிகாரத்தில் உள்ள 672ஆம் குறளில் 'தூங்கு' என்னும் வினை நான்கு வடிவங்களில் வருகிறது. பொறுத்துச் செய்ய வேண்டியவற்றைப் பொறுத்தே செய்க. உடனே செய்ய வேண்டியவற்றில் காலம் தாழ்த்தாதே என்பது அதன் கருத்து. இன்றைய பொருளை மட்டும் அறிந்தவர், வள்ளுவர் நம்மை உறங்கச் சொல்கிறார் என்று பிழையாக எண்ணக்கூடும். 'கோப்பு அலுவலகத்தில் தூங்குகிறது' என்னும் வழக்கில் இப்பொருள் இன்றும் நிலைத்துள்ளது.

வீட்டில் பேசிப் பழகிய சொல்தான் என்று நாம் எண்ணுவதற்குள்ளும் இத்தனை பொருள்கள் உள்ளன. பேச்சில் கேட்ட தமிழை நூலிலும் தேடிப் படித்தால்தான் அவை நமக்குக் கிடைக்கும்.

சொற்பொருள்

எயில் – கோட்டை, மதில்
கண் சொக்குதல் – உறக்கம் மிகுந்து கண் செருகுதல்
அன்று – அல்ல (ஒருமை)

பயிற்சி

அ. 'தூங்குகிறது' என்பதன் பொருளை எழுதுக.
1. தாயின் மடியில் குழந்தை தூங்குகிறது.
2. ஓலை நுனியில் குருவிக்கூடு தூங்குகிறது.
3. விண்ணப்பம் ஒரு மாதமாக மேசையில் தூங்குகிறது.

ஆ. குமரி மாவட்டத்தில் 'உறக்கம்' என்றும், இலங்கையில் 'நித்திரை' என்றும் வழங்குவர். உங்கள் தாத்தா, பாட்டி எச்சொல்லை வழங்குகின்றனர்? அவர்களிடம் கேட்டு, அச்சொல்லை அமைத்து இரண்டு தொடர்கள் எழுதுக.