பேக்கப் டிஸ்க்குக்கு ஒரு நீர்க்கதவு

ஜெராம், கோல சிலாங்கூர் கரையோரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கடலோரத் தடுப்புக்கரையான பண்டும் தெரியும், அதிலிருக்கும் நீர்க்கதவும் தெரியும். கடல் ஏறும்போது கதவு மூடியிருக்கும். வற்றும்போது திறந்து, செம்பனைக் காட்டு வடிகால் நீரை வெளியே விடும். நாள் முழுக்கத் திறந்து கிடந்தால் உப்புநீர் உள்ளே வந்துவிடும். நம் வீட்டு பேக்கப் டிஸ்க் (நெட்வர்க் கேபிளில் இணையும் வகை) ராப்பகலாக ரூட்டரிலேயே செருகிக் கிடக்கிறதே, அதற்கும் இதே கதைதான்.

1. கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் வைரஸ், கணினியோடு நிற்பதில்லை. அந்தக் கணினி எழுதக்கூடிய டிஸ்க் எதுவானாலும் அதையும் பூட்டும். 2017 மே 12-இல் கிளம்பிய வான்னாக்ரை என்ற அத்தகைய வைரஸ், 445 என்ற நெட்வர்க் போர்ட் வழியாகத்தான் கணினி விட்டுக் கணினி தாவியது.

2. டிஸ்க்குக்குக் கதவு போட மலிவான வழி: டிஸ்க்குக்கும் ரூட்டருக்கும் நடுவில் ஐந்து போர்ட் உள்ள சின்ன நெட்வர்க் சுவிட்ச் ஒன்றை வையுங்கள். அந்தச் சுவிட்சின் அடாப்டரை மட்டும் டைமர் பிளக்கில் செருகுங்கள். இரவு 10.30 முதல் 11.30 வரை கரண்ட். மற்ற நேரம் சுவிட்ச் அணைந்திருக்கும், டிஸ்க் தனித்தீவாகிவிடும். டிஸ்க்கையே டைமரில் போடாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அதுவே பாழாகும். டிஸ்க்கில் வைஃபை இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் முன்கதவைப் பூட்டிவிட்டுச் சமையலறைக் கதவைத் திறந்து வைத்த மாதிரி.

3. ரூட்டரில் பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு வைக்கும் வசதி இருக்கிறதே, அது போதாதா? பெரும்பாலும் போதாது. பல ரூட்டர்களில் அது இணையத்தை மட்டுமே மறிக்கும். வீட்டுக்குள் கணினியும் டிஸ்க்கும் பேசிக்கொள்வதைத் தடுக்காது.

4. பேக்கப் வேலையைக் கதவு திறந்து பத்து நிமிடம் கழித்துத் தொடங்க வையுங்கள். டைமர் கடிகாரமும் டிஸ்க் கடிகாரமும் ஒன்றுபோல ஓடுவதில்லை. முள் சுற்றும் பழைய டைமர், கரண்ட் போனால் அங்கேயே நின்றுவிடும். உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். முதல் பேக்கப் பல மணி நேரம் பிடிக்கும். அன்றைக்கு மட்டும் டைமர் இல்லாமல், பக்கத்தில் இருந்து முடியுங்கள்.

5. கணினி டிஸ்க்குக்குள் எழுதுவதைவிட, டிஸ்க் கணினியிலிருந்து எடுத்துக்கொள்வது நல்லது. அப்போது டிஸ்க்கின் கடவுச்சொல் கணினிக்குத் தெரியவே வேண்டாம். இருந்தாலும் பூட்டப்பட்ட கோப்பு, கதவு திறக்கும் நேரத்தில் பேக்கப்போடு சேர்ந்து வரலாம். அதனால் பழைய பிரதிகளை முப்பது நாளாவது வைத்திருங்கள். கதவு ஆபத்து நேரத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

6. வெளியூரிலிருந்து படம் பார்க்கலாமே என்று டிஸ்க்கை இணையத்துக்கு நேராகத் திறந்துவிடாதீர்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற வைரஸ் அப்படித் திறந்து கிடந்த க்யூநாப் நிறுவன டிஸ்க்குகளைத்தான் தேடிப் பிடித்தது.

7. எதைச் சேமிப்பது? கல்யாண வீடியோவுக்கு முன்னால் பிறப்புப் பத்திரம், ஐசி, பாட்டியின் சிவப்பு ஐசி, கேடபிள்யூஎஸ்பி சேமநிதிக் கணக்கு, வீட்டு கிராண்ட் (நிலப் பட்டா). தோட்டம் துண்டாடப்பட்டு இடம் மாறிய குடும்பங்களுக்கு ஒரு பழைய தாளின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸ்கேன் அசலுக்கு ஈடாகாது. ஆனாலும் பதிவிலாகா முகப்பில் பத்திர எண் கையில் இருப்பவருக்கு அலைச்சல் குறையும்.

8. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் சாயங்கால இடி நம் பக்கம் கடுமை. டைமர் அணைந்திருந்தாலும் மின்னல் தாக்கம் கேபிள் வழியே வரலாம். வானம் கறுத்தால் டிஸ்க்கை முறையாக அணைத்துவிட்டு, அதன் கரண்ட், நெட்வர்க் கேபிள் இரண்டையும் பிடுங்குங்கள்.

9. இன்னொரு டிஸ்க்கில் மாதம் ஒரு பிரதி எடுத்து, பெஸ்தாரி ஜெயாவிலோ தஞ்சோங் காராங்கிலோ இருக்கும் அக்கா வீட்டு அலமாரியில் வையுங்கள். வெள்ளம் வந்தால் அதுதான் கைகொடுக்கும்.

10. மாதம் ஒருமுறை பட்டப்பகலில் கணினியிலிருந்து டிஸ்க்கைத் திறந்து பாருங்கள். திறந்தால் கதவு ஒழுகுகிறது. அன்றிரவு 10.45-க்குப் பழைய படம் ஒன்றை அதிலிருந்து திரும்ப எடுத்துப் பாருங்கள்.