பெருசா, சீக்கிரமா, விதையில்லாம!

திராட்சை வண்டிக்காரர்கிட்ட நாம கேக்குறது மூணே மூணுதான். பழம் பெருசா இருக்கணும், விதை இருக்கக் கூடாது, சீசன் ஆரம்பிக்கும்போதே கிடைக்கணும். விவசாயிக்கும் இதே ஆசைதான். சந்தைக்கு முதல்ல வர்ற பழத்துக்குத்தான் நல்ல விலை. சிக்கல் என்னன்னா, இந்த மூணும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாது. ப்ராஜெக்ட்ல எடையைக் குறைச்சா உறுதியும் குறையுமே, அந்த மாதிரி.

ஏன்னு பார்ப்போம். திராட்சை பெருசாகிறதுல விதைக்கு முக்கியப் பங்கு இருக்கு. வளர்ற விதையில இருந்து ஜிப்பரெல்லின் போன்ற ஹார்மோன்கள் வரும். அதனாலதான் சுத்தியுள்ள சதை வளருது. விதை இல்லன்னா பழமும் சிறுத்துடும். தாம்சன் சீட்லெஸ் இயல்பிலேயே சின்னப் பழம்தான். கடையில பெருசா, நீளமா இருக்கிறது பெரும்பாலும் ஜிப்பரெல்லின் தெளிச்சு வளர்த்தது. சீக்கிரம் பழுக்கிற ரகத்துக்கோ வளர நாளே கம்மி.

கலிபோர்னியாவில் 1946-ல் இரண்டு முன்பருவ ரகங்கள் வெளிவந்தன. டேவிஸில் ஓல்மோ உருவாக்கிய பெர்லெட்டுக்கு விதை கிடையாது. ஃப்ரெஸ்னோவில் அமெரிக்க வேளாண் துறை உருவாக்கிய கார்டினலுக்கு விதை உண்டு, ஆனா பழம் பெருசு. கார்டினலின் பெற்றோர் ஃப்ளேம் டோக்கேயும் அல்ஃபோன்ஸ் லவாலேயும் என்று பதிவு சொன்னது. ரெண்டுமே சீக்கிரம் பழுக்கிற ரகம் இல்ல! அப்புறம் பிள்ளைக்கு மட்டும் எப்படி? பல வருஷம் கழிச்சு டி.என்.ஏ. சோதனையில பதில் கிடைச்சது. ஃப்ளேம் டோக்கே பெற்றோரே இல்ல. அந்த இடத்தில் இருந்தது, 'திராட்சைத் தோட்டங்களின் ராணி' என்று பெயர் கொண்ட ஹங்கேரி நாட்டு முன்பருவ ரகம். பெர்லெட்டின் பெற்றோரிலும் அதே ராணி உண்டு. லேபிள் மாறுறது நம்ம லேப்ல மட்டும் நடக்கிற கூத்து இல்ல போல!

அடுத்து, கார்டினலின் பருமனையும் தாம்சனின் விதையின்மையையும் சேர்க்கணும். ஃப்ரெஸ்னோவில் வைன்பெர்கர் 1961-ல் செய்த கலப்பில் ரெண்டோட வாரிசும் இருந்தது. அதிலிருந்து வந்த ஃப்ளேம் சீட்லெஸ் 1973-ல்தான் வெளியானது. பன்னிரண்டு வருஷம்! கன்று காய்க்கவே சுமார் மூணு வருஷம் ஆகும். அது போக, விதையில்லாத ரகத்தைத் தந்தையா மட்டும்தான் வைக்க முடியும். மகரந்தம் கொடுக்கலாம், தாயாக முடியாது. முளைக்க விதை வேணுமே! விதையுள்ள தாய்க்குப் பிறந்த கன்றுகளில் பலதுக்கு விதை இருக்கும். அத்தனையையும் நட்டு, தண்ணி விட்டு, காத்திருந்து, வெட்டி எறியணும்.

இதை 1980-களில் மாத்தினவங்க அதே ஃப்ரெஸ்னோவின் ராமிங்கும் எமர்ஷாடும். தாம்சன் வகைகளில் விதை உருவாகாமலே போறதில்ல. கரு உண்டாகி, பாதி வழியில வளர்ச்சி நின்னு அழிஞ்சுடுது. அப்படி அழியறதுக்கு முன்னாடி, பழம் காயா இருக்கும்போதே சூலை வெளியே எடுத்து, கண்ணாடிக் குழாயில சத்துக் கூழ் மேல வச்சு வளர்த்தாங்க. இன்குபேட்டர்ல குறைப்பிரசவக் குழந்தையை வைக்கிற மாதிரிதான். இதுக்கு எம்ப்ரியோ ரெஸ்க்யூன்னு பேர். இப்போ தாய், தந்தை ரெண்டுமே விதையில்லாத ரகமா இருக்கலாம். விதையில்லாத பிள்ளைகளும் நிறைய கிடைக்கும். முன்பருவ ரகங்களுக்கும் இதே வைத்தியம் உதவுது, ஏன்னா அங்க பழம் பழுத்த பிறகும் விதைக்குள்ள கரு முழுசா வளர்ந்திருக்காது.

பருமனுக்கு ஜப்பான்காரங்க வேற வழி பிடிச்சாங்க. சாதாரண திராட்சையில 38 குரோமோசோம். 1937-ல் கலந்து உருவாக்கின கியோஹோவில் அதன் இரட்டிப்பு, 76. பழம் பெருசுதான், ஆனா விதை உண்டு, குலையிலிருந்து எளிதா உதிரும்.

இப்போ விதையின்மைக்குக் காரணமான முக்கிய ஜீன் தெரிஞ்சுடுச்சு. கன்றில் ஒரு சின்ன இலையைக் கிள்ளி சோதிச்சா, விதை வருமா வராதான்னு பெரும்பாலும் சொல்லிடலாம். பருமனும் பழுக்கிற நாளும் அப்படி இல்ல. பல ஜீன்கள் சேர்ந்து முடிவு பண்ற விஷயம். அதுக்கு இன்னமும் மூணு வருஷம் காத்திருந்து, தோட்டத்துல வரிசை வரிசையா நடந்து, ஒவ்வொரு கொடியிலும் பழத்தைப் பறிச்சு வாயில போட்டுத்தான் பார்க்கணும்.